புற்றுநோய்: மறைப்பதும் தள்ளிப்போடுவதும் தவக்குல் ஆகாது

 

நம் வீடுகளில் பெயர் சொல்லவே தயங்கும் ஒரு நோயைப் பற்றி இந்த வாரம் பேசப்போகிறோம். "அந்த வியாதி" என்பார்கள். "கெட்ட வியாதி" என்பார்கள். குரலைத் தாழ்த்தி, கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார்கள். புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொன்னால் அது நம் வீட்டுக்கும் வந்துவிடும் என்பது போல ஒரு பயம்.

நாம் காஞ்சிபுரத்துக்காரர்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் கோயில்கள் நினைவுக்கு வரும், பட்டுப்புடவை நினைவுக்கு வரும். ஆனால் பல மாவட்டங்களில் நோயோடு போராடும் ஏழைக் குடும்பங்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் காரப்பேட்டைதான். அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் அங்கே இருக்கிறது. முதல் நாள் இரவே பஸ் ஏறி, கையில் பழைய ரிப்போர்ட்டுகளும் ஒரு தூக்குச்சட்டியுமாக வந்து இறங்குகிறார்கள். நமக்கோ அது ஆட்டோ தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மில் பலர் கட்டி பெரிதான பிறகு, புண் ஆழமான பிறகு, சாப்பாடு தொண்டையில் இறங்காத பிறகுதான் அங்கே போகிறார்கள். இன்றைய பேச்சே அந்தத் தாமதத்தைப் பற்றித்தான்.

அந்த மருத்துவமனைக்கு அண்ணாவின் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1909-இல் இதே ஊரில் பிறந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சராக உயர்ந்தவர் அவர். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. 1968-இல் நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தபோது வயது 59. புகையிலைப் பழக்கம் அவருக்கு இருந்தது என்பது அவரைப் பற்றி எழுதிய பலரும் குறிப்பிட்ட செய்தி. பதவியில் இருப்பவரா, ஏழையா என்று இந்த நோய் பார்ப்பதில்லை. அவர் காலத்தில் இல்லாத பரிசோதனைகளும் மருந்துகளும் இன்று நமக்கு இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், அல்லாஹ் தந்த நிஃமத்தை நாமே தட்டிவிடுகிறோம்.

உபை (ரலி) அவர்களுக்கு வந்த மருத்துவர்

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்களை நாம் பார்க்கிறோம். கேட்பதற்கு ஈமான் நிறைந்த வார்த்தை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த தவக்குல் வேறு மாதிரி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வையுங்கள் என்ற கருத்தில் அவர்கள் சொன்னது (திர்மிதி 2517) உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் அதை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை உங்களுக்குத் தெரியும். குர்ஆனை மிக அழகாக ஓதக்கூடிய ஸஹாபி. குர்ஆனைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்களே பெயர் சொல்லிக் காட்டிய நால்வரில் ஒருவர். அவர் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு மருத்துவரை அனுப்பி வைத்தார்கள். அந்த மருத்துவர் உபை (ரலி) அவர்களின் ஒரு நரம்பை வெட்டி, அந்த இடத்தில் சூடு போட்டார் (முஸ்லிம் 2207).

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். அனுப்பியவர் அல்லாஹ்வின் தூதர். அவர்களின் ஒரு துஆ போதும். நோயாளியோ நெஞ்சு நிறையக் குர்ஆனைச் சுமந்தவர். ஓதிப் பார்க்க அவரைவிடத் தகுதியானவர் யார்? அப்படிப்பட்டவரின் வீட்டுக்குக் கத்தியோடும் நெருப்போடும் ஒரு மருத்துவர் போகிறார், அதுவும் நபி (ஸல்) அவர்கள் அனுப்பி! ஆபரேஷன் என்றாலே "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பதறுகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஹதீஸைச் சொல்லுங்கள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்பது வெறும் வதந்தி. ஆரம்ப நிலையில் பல புற்றுநோய்களுக்கு அறுவை சிகிச்சைதான் முதல் வழி.

கிராமவாசிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (அபூதாவூத் 3855). துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். கீமோ ஏறும்போது ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதி ஊதுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

கருஞ்சீரகமும் முறிவைத்தியமும்

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மருத்துவம் வேண்டாம் என்று சொல்வதில்லை. "கருஞ்சீரகம் இருக்கும்போது கீமோ எதற்கு?" என்பார்கள். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு பதிவு வருகிறது. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற ஹதீஸ் ஸஹீஹானது (புகாரி 5688). அதில் நமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் கத்தாபீ (ரஹ்) போன்றவர்கள், வார்த்தை பொதுவாக இருந்தாலும் அது குறிக்கும் நோய்கள் குறிப்பிட்டவை என்றே விளக்கினார்கள். அந்த நபி (ஸல்) அவர்களே உபை (ரலி) அவர்களுக்கு மருத்துவரைத்தானே அனுப்பினார்கள்?

தேனும் கருஞ்சீரகமும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அவற்றை நம்பி ஆறு மாதம் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை நடக்கும்போது எந்த மூலிகையை, எந்த லேகியத்தைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் வேலையைக் கெடுக்கும், சில ஈரலைப் பாதிக்கும். மருத்துவம் படிக்காமல் மருத்துவம் பார்ப்பவர், விளைவுக்குத் தாமே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது (அபூதாவூத் 4586). "நூறு சதவீதம் குணம்" என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு இந்த ஹதீஸ் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

தறியில் அறுந்த இழை

நம் ஊரில் தறி தெரியாதவர் யார்? பாவில் ஒரே ஒரு இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? அங்கேயே தறியை நிறுத்துகிறார். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, சேர்த்துவிட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுகிறார். "பரவாயில்லை, ஒரு இழைதானே, நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஓட்டிக்கொண்டே போனால் அந்தக் கோடு புடவை நீளத்துக்கும் ஓடும். பிறகு எவ்வளவு ஜரிகை போட்டாலும் அது மறையாது.

புடவையில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம் உடம்பில் ஏன் இவ்வளவு அலட்சியம்? வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத ஒரு புண், வாயை முழுசாகத் திறக்க முடியாத இறுக்கம், குரல் கம்மல், விழுங்கும்போது அடைப்பு, மார்பில் வலியே இல்லாத ஒரு கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணம் தெரியாமல் எடை குறைவது. இவற்றில் எது இருந்தாலும் அது புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் வேறு ஏதாவதாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். நீங்களோ நானோ பக்கத்து வீட்டு அக்காவோ இல்லை.

வலி இல்லாததால் அலட்சியமாக இருப்பதுதான் மார்புக் கட்டியில் பெரிய ஏமாற்றம். நம் பெண்கள் இதில் இரட்டைச் சுமை சுமக்கிறார்கள். ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற ஹயா ஒருபக்கம். வெளியே தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களே என்ற பயம் இன்னொருபக்கம். முதலாவதற்கு மார்க்கம் தெளிவாக வழி சொல்கிறது: பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் போங்கள். கிடைக்காவிட்டால் தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பது அனுமதிக்கப்பட்டதே. நிர்ப்பந்தத்துக்குரிய சட்டம் அது. ஹயாவின் பெயரால் உயிரை விடச் சொல்லும் மார்க்கம் இது இல்லை.

இரண்டாவதற்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பதில் சொல்ல வேண்டும். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. பரம்பரையாக வருவது ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம்தான். ஒரு தாய்க்கு நோய் என்பதற்காக அவள் மகளின் நிக்காஹைத் தட்டிக்கழிக்கும் வீடு, அடுத்த தாயை நோயை மறைக்கத் தூண்டுகிறது. அந்த மறைப்பில் அவள் உயிர் போனால், அந்தப் பழியில் நமக்கும் பங்கு இல்லையா?

"என்ன பாவம் செய்தாளோ" என்று பேசுகிற நாவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அய்யூப் (அலை) அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? மனிதர்களில் கடுமையாகச் சோதிக்கப்படுபவர்கள் நபிமார்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (திர்மிதி 2398). அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டதாக ரப்பிடம் முறையிட்டதைக் குர்ஆன் பதிவு செய்திருக்கிறது (21:83, 84). முறையிடுவது ஸப்ருக்கு எதிரானது அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். ஆகவே நோயாளி அழுதால் அழவிடுங்கள். "அழாதே, ஸபூர் செய்" என்று வாயை அடைக்காதீர்கள்.

கன்னத்தில் ஒதுக்கும் புகையிலை

எல்லாப் புற்றுநோயையும் தடுக்க முடியாது. எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத நல்லவர்களுக்கும், குழந்தைகளுக்கும் வருகிறது. அது கத்ர். ஆனால் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பகுதிக்கு நாம் பொறுப்பு.

நம் ஊரில் அதில் முதலிடம் புகையிலைக்கு. பீடி, சிகரெட் மட்டும் என்று நினைக்காதீர்கள். குழித்தறியில் காலை இறக்கி மணிக்கணக்கில் உட்காருகிறவர் பசியும் அலுப்பும் தெரியாமல் இருக்க வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்குகிறார். ஆட்டோ ஓட்டும் தம்பி பொட்டலத்தைப் பிரித்து உதட்டுக்கு அடியில் வைக்கிறார். அதே இடத்தில், தினமும், வருஷக்கணக்கில். புற்றுநோயும் பல நேரம் அதே கன்னத்தில்தான் வருகிறது. குட்காவைத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை செய்தது. தடைக்குப் பிறகும் எந்தப் பெட்டிக்கடையில் எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் வேதனை. கடை நம்முடையதாக இருந்தால், அந்த வியாபாரத்தில் என்ன பரக்கத் இருக்க முடியும்?

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. நிக்காஹ் விருந்து முடிந்ததும் பாக்குப் போட்ட பீடாவை மரியாதையாக நீட்டுகிற பழக்கத்தை இனிமேலாவது விடலாம். பேரீச்சம்பழம் கொடுங்கள், சுன்னத்தும் ஆச்சு.

உங்களையே நீங்கள் மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் தடுக்கிறான் (4:29). அறிந்தே அழிவில் கைவைப்பதையும் தடுக்கிறான் (2:195). உன் உடம்புக்கு உன் மீது உரிமை இருக்கிறது என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னது (புகாரி 5199), இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு வைத்த ஒருவரிடம்! வணக்கத்தில்கூட உடம்பின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், புகையிலையில் பறிப்பதை என்னவென்று சொல்வது? நோய் வந்த பிறகும் விடலாம். விட்டால் சிகிச்சை நன்றாக வேலை செய்யும், ஆறுதலும் சீக்கிரம் வரும்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகப் பேசப்போவதில்லை. வயிற்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சு (திர்மிதி 2380) என்பதை மிம்பரில் எத்தனை முறை கேட்டாலும் வலீமா பந்தியில் நமக்கு நினைவு வருவதில்லை. உடல் பருமனும் உட்கார்ந்தே இருப்பதும் குடல், மார்பகம் போன்ற உறுப்புகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. தறிக்காரரும் கல்லாவில் உட்காரும் முதலாளியும் இதில் ஒன்றுதான். பஜ்ருக்கும் இஷாவுக்கும் வண்டியை எடுக்காமல் நடந்து வாருங்கள். ஒவ்வொரு எட்டுக்கும் நன்மை, உடம்புக்கும் மருந்து.

சிகிச்சை நடக்கும் வீட்டில்

நோய் வந்துவிட்ட வீடுகளுக்கு இனி. சொந்தக்காரர்கள் வந்து ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். பாலை நிறுத்து, கறியை நிறுத்து, முட்டை கூடாது, கட்டியைப் பட்டினி போட்டுச் சாகடி. இப்படிச் செய்தால் கட்டிக்கு முன்னால் மனிதர் மெலிந்துவிடுவார். சிகிச்சையைத் தாங்க உடம்புக்குப் புரதமும் சக்தியும் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, மீன், பருப்பு, தயிர், கோழி என்று டாக்டர் தடுக்காத எதுவும் சாப்பிடலாம். ஒரே வேளையில் நிறைய இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை கொடுங்கள். வாய் புண்ணாகிக் காரம் தாங்காதபோது நம் நோன்புக் கஞ்சி இருக்கிறதே, அதை மிளகாய் இல்லாமல், பருப்பும் கொத்துக்கறியும் குழைய வேகவைத்துக் கொடுத்துப் பாருங்கள். ரமழானுக்கு மட்டும்தான் அந்தக் கஞ்சி என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

கீமோ நாட்களில் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும். பழங்களை நன்றாகக் கழுவுங்கள், காய்ச்சாத பால் வேண்டாம், அரைவேக்காடு வேண்டாம். உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல், மாத்திரை போட்டு அடக்கப் பார்க்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தாலும் நல்லதுதான். முடிந்த அளவு வீட்டுக்குள்ளாவது நடக்க வையுங்கள். சோர்வுக்குப் படுக்கை மட்டுமே மருந்து இல்லை என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

வணக்கத்தில் நோயாளி தன்னை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள் (புகாரி 1117). தண்ணீர் தீங்கு செய்யும் என்றால் தயம்மும். வயிற்றில் பை பொருத்தியிருப்பவர் ஒவ்வொரு வக்துக்கும் ஒளு செய்து தொழலாம், தொழுகை கூடும். ரமழானில் நோன்பை விடும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான் (2:184). குணமானதும் களா செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். டாக்டர் தடுத்த பிறகும் "ஒரு நோன்பாவது" என்று பிடிவாதம் பிடிக்கும் தாய்மார்களிடம், அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கம்தான் என்று பிள்ளைகள் எடுத்துச் சொல்லுங்கள்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

நான் நோயுற்றேன், நீ என்னை விசாரிக்க வரவில்லையே என்று மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்ற ஹதீஸ் (முஸ்லிம் 2569) நமக்குத் தெரியும். விசாரிக்கப் போகிறோம். போய் என்ன பேசுகிறோம்? "எங்க மாமாவுக்கும் இதேதான், மூணே மாசம்" என்கிறோம்! நபி (ஸல்) அவர்கள் நோயாளியைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, இன்ஷா அல்லாஹ் இது தூய்மைப்படுத்தும் என்ற கருத்தில் ஆறுதல் சொல்வார்கள் (புகாரி 5656). அதோடு எழுந்துவிடுங்கள். போகும்போது பிரியாணிப் பொட்டலத்துக்குப் பதில், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஓ.பி. வரிசையில் நிற்கவும், டோக்கன் வாங்கவும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவும் ஆள் இல்லாமல் எத்தனை பேர் பாதி சிகிச்சையில் நிறுத்திவிடுகிறார்கள்!

பணத்துக்குப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. கார்டு வாங்கித் தர, விண்ணப்பம் எழுதித் தர ஜமாஅத் இளைஞர்கள் நான்கு பேர் பொறுப்பெடுத்தால் போதும். பஸ் காசு, சத்துணவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி ஆகியவற்றைக் காப்பீடு தராது. பைத்துல்மால் அதற்குத்தான் இருக்கிறது. 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்கிறார்கள். சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து அழைத்தால் "எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கதவைச் சாத்தாதீர்கள்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படித் தொடங்கியது தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இந்த நோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்து ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்பது நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது (அபூதாவூத் 4811). அவர்களுக்கு நன்றி சொல்கிறோம். நம் பள்ளிவாசல்களிலிருந்து காரப்பேட்டைக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஐம்பது சாப்பாட்டுப் பொட்டலமாவது போகட்டும். வார்டு வாசலில் காத்திருக்கும் துணையாட்களில் பலர் டீயும் பன்னும் சாப்பிட்டே நாளைக் கடத்துகிறார்கள். யார் எந்த மதம் என்று கேட்காமல் கொடுங்கள்.

ஜும்ஆ முடிந்ததும் பள்ளியின் முன்வாசலில் செயலாளர் நோட்டோடு இருப்பார். துணைக்குப் போக முடிந்தவர்கள் பெயரும், எந்த நாளில் முடியும் என்பதும் எழுதிக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! இப்போது காரப்பேட்டையிலும் அடையாறிலும் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் கைகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! வெளியே சொல்லாமல் ஒரு கட்டியையோ புண்ணையோ மறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் தாய்மார்களுக்கும் சகோதரர்களுக்கும், அதை நாளைக்கே டாக்டரிடம் காட்டும் துணிவைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.